பழைய சி.ஜே. 3பி ஜீப்பில் பிரேக் பெடல் தரை வரைக்கும் போகிறது. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது) மாற்றி, ஏர் எடுத்தும் (ஆயில் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றியும்) சரியாகவில்லை. வேறு என்ன பார்ப்பது?

"ரெண்டு மூணு தடவை அடிச்சா பெடல் மேல வந்து பிடிக்குது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியில் எனக்கு உதவுகிற வரி அதுதான். புது மாஸ்டர், ஏர் எடுத்த கூலி எல்லாம் பணம் போன கணக்கு. பெடல் கீழே போனால் மாஸ்டரை மாற்று, அதற்கும் சரியாகாவிட்டால் ஏர் எடு என்பது பட்டறைகளில் ஊறிப்போன பழக்கம். டிஸ்க் பிரேக் வண்டியில் அது பாதி நேரம் பலிக்கும். நாலு சக்கரத்திலும் டிரம் இருக்கிற, வில்லிஸ் கம்பெனி வழிவந்த இந்த ஜீப்பில் முதலில் பார்க்க வேண்டியது ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை. டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் உருளை, ஷூ என்பது உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டு.

வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு, வேகமாக நாலைந்து தடவை பெடலை அடித்து, கடைசி அடியில் காலை எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். மேலே வந்த பெடல் கல் மாதிரி நிற்கிறதா, நின்ற பிறகும் உள்ளே பஞ்சு போல அமுங்குகிறதா, இல்லை கால் வைத்திருக்கும்போதே மெல்ல மெல்ல இறங்குகிறதா? இந்த மூன்றையும் நாம் பொதுவாக "பெடல் லூசா இருக்கு" என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றும் வேறு வேறு நோய்.

கல் மாதிரி நின்றால் ஏர் இல்லை, ஹோஸும் மாஸ்டரும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. ஷூவின் மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனர் தேய்ந்து, ஷூ டிரம்மை விட்டுத் தள்ளிப் போய்விட்டது. முதல் மிதியில் தள்ளப்படும் ஆயில் முழுவதும் ஷூவை அந்தத் தூரம் நகர்த்தவே செலவாகிறது. ஷூ திரும்பி வருவதற்குள் இரண்டாவது மிதி விழுந்தால், மாஸ்டர் தொட்டியிலிருந்து கூடுதல் ஆயிலை இழுத்துக்கொண்டு தள்ளுகிறது, பெடல் மேலே வருகிறது. இப்போதைய வண்டிகளில் பல டிரம் பிரேக்குகள் தாமாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். சி.ஜே. 3பியில் அது கிடையாது, மனிதன்தான் ஸ்பேனர் எடுக்க வேண்டும். சேறு, மணல், ஓடைத் தண்ணீர் என்று ஓட்டினால் டிரம்முக்குள் போகும் மண் லைனரை அரைத்துக்கொண்டே இருக்கும். தார் ரோட்டில் மட்டும் ஓடுகிற வண்டியை விட இதில் அடிக்கடி அட்ஜஸ்ட் செய்ய வேண்டியிருக்கும்.

அட்ஜஸ்ட் செய்கிற முறை தெரியாததால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு சக்கரத்தின் பின்தட்டிலும் ஷூவுக்கு ஒன்றாக இரண்டு எக்ஸென்ட்ரிக் போல்ட் (மையம் விலகியிருப்பதால், திருப்பினால் ஷூவை நகர்த்தும் போல்ட்) இருக்கும். சக்கரத்தைத் தூக்கி, கையால் சுற்றிக்கொண்டே ஒரு போல்ட்டைத் திருப்பினால் ஷூ டிரம்மில் உரசிச் சக்கரம் கனக்கும். உரசல் நிற்கிற அளவுக்கு மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டு, அடுத்த ஷூவுக்குப் போக வேண்டும். வழக்கமான அட்ஜஸ்ட்மென்ட் இவ்வளவுதான். புது லைனர் போட்டாலோ, டிரம்மை லேத்தில் கடைந்தாலோ இது போதாது. கீழே ஷூவின் அடிமுனையைத் தாங்கி நிற்கும் ஆங்கர் பின்களும் எக்ஸென்ட்ரிக்தான், அவற்றையும் திருப்பி ஷூவின் அடிப்பக்கத்தைச் சரியாக உட்கார வைக்க வேண்டும். பழைய வில்லிஸ் கையேட்டில் அடிமுனையில் 0.005 இஞ்ச், மேல்முனையில் 0.008 இஞ்ச் இடைவெளி என்று இருக்கும். அந்த பின்னின் லாக் நட் துருவேறி இறுகிக் கிடக்கும் என்பதால் பட்டறையில் பெரும்பாலும் தொட மாட்டார்கள். மேல் போல்ட்டை மட்டும் திருகி அனுப்பிவிடுவார்கள். ஷூ மேலே மட்டும் முட்டிக்கொண்டு கோணலாக நிற்கும்.

ஜாக்கி போடும் முன் ஒன்று. இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. முன், பின் ஆக்ஸில்களுக்கு இழுவையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் அது பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாகத் தரையில் இருக்கிற அடுத்த சக்கரம் தாராளமாக உருளும். மற்ற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் தூக்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவும் வேண்டாம், ஸ்டாண்ட் வையுங்கள்.

இனி பஞ்சு. அடித்து மேலே வந்த பிறகும் பெடல் அமுங்கிக்கொண்டே இருந்தால் ஏர் என்று சந்தேகப்படலாம், ஆனால் உறுதி செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். சேஸிலிருந்து முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் இறங்கும் ரப்பர் ஹோஸ்களை, அதற்கென்று விற்கிற வட்ட முனை கிளாம்பால் அழுத்தி மூடுங்கள். வெறும் வைஸ் கிரிப் போட்டால் ஹோஸ் உள்ளே கிழியும். எல்லாவற்றையும் மூடியதும் பெடல் உயரத்திலேயே கல்லாக நின்றால் மாஸ்டரில் தப்பில்லை. பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். எந்தப் பக்கம் திறந்ததும் பெடல் அமுங்குகிறதோ, தொல்லை அந்தப் பக்கம். இந்தச் சோதனையை முதலிலேயே செய்திருந்தால் புது மாஸ்டர் வாங்க வேண்டுமா என்பது அங்கேயே தெரிந்திருக்கும். ஒரு எச்சரிக்கை: ஹோஸ் எப்போது மாற்றியது என்றே தெரியாத வண்டியில் இதைச் செய்யாதீர்கள், முதலில் ஹோஸை மாற்றுங்கள். வெளியே வெடிப்பு தெரியாத பழைய ஹோஸ் அழுத்தத்தில் பலூனாக ஊதும். அதுவும் காலுக்குப் பஞ்சாகத்தான் தெரியும்.

ஏர் எடுப்பதில் இந்த ஜீப்புக்கே உரிய சங்கடம், மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் காலடியில், தரைத்தகட்டுக்குக் கீழே சேஸில் இருப்பது. இன்றைய கார்களில் மேலே இருக்கும் தொட்டியிலிருந்து ஆயில் தானாகச் சக்கரத்துக்கு இறங்கும். இதில் அந்த உயர வித்தியாசம் மிகவும் குறைவு. கூடவே சேஸ் மேல் ஏறி இறங்கும் குழாயில் மேடான இடத்தில் காற்று ஒளிந்துகொள்ளும். புது மாஸ்டரைக் காலியாகப் பூட்டாமல், வைஸில் வைத்து ஆயில் ஊற்றிக் காற்றைத் துரத்திவிட்டுப் பூட்ட வேண்டும். பிறகு மாஸ்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்து தொடங்கிக் கிட்ட வர வேண்டும். நம் ஊர் வலதுகைப் பக்க வண்டியில் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. மாஸ்டரின் ஆயில் மூடியைத் திறக்கும் முன் சுற்றிலும் இருக்கிற மண்ணைத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு பிடி மண் நேராக உள்ளே விழும்.

பழைய மாஸ்டர் இருக்கும் வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதிக்கக் கூடாது, அடியில் ஒரு மரக்கட்டை வையுங்கள். தினமும் ஓட்டும்போது பிஸ்டன் போகாத அந்தக் கடைசிப் பகுதியில் துரு உட்கார்ந்திருக்கும். ஆயில் பின்னால் போகாமல் தடுக்கும் பிஸ்டனின் ரப்பர் கப் அதன் மேல் போனால் உதடு கிழிந்துவிடும். "ஏர் எடுக்குறதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துச்சு, எடுத்த அப்புறம்தான் மோசமாச்சு" என்று புலம்புகிறவர்கள் பலருக்கு நடந்தது இதுதான்.

ஏர் சுத்தமாக வந்த பிறகும் பஞ்சாக இருந்தால் லைனரைப் பாருங்கள். புது லைனர் ஒட்டின சமயத்திலிருந்துதான் தொந்தரவு என்றால் சந்தேகமே வேண்டாம். பல முறை கடைந்து வாய் அகன்ற டிரம்முக்குள் ஸ்டாண்டர்ட் லைனர் போட்ட ஷூ வைத்தால் இரண்டின் வளைவும் பொருந்தாது. ஷூ நடுவில் மட்டும் தொடும். மிதிக்க மிதிக்க ஷூவே வளைந்து டிரம்மோடு ஒட்டப் பார்க்கும், அந்த வளைவு காலுக்குப் பஞ்சாகத் தெரியும். எத்தனை பாட்டில் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் இது போகாது. டிரம்மின் உள்பக்கம் சாக்பீஸ் தேய்த்து, மாட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றிப் பாருங்கள். லைனரின் நடுவில் மட்டும் வெள்ளை ஒட்டியிருந்தால் வளைவுக்கேற்ப லைனரைத் தேய்த்துத்தர ஆள் தேடுங்கள். கடைசலில் விட்டம் ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. கூடிவிட்ட டிரம்மை விட்டுவிட்டு வேறு வாங்குவது நல்லது. பழைய லைனர் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

மூன்றாவது வகை, கால் வைத்திருக்க மெல்ல இறங்குவது. தொட்டியில் அளவு குறைந்தால் வெளியே கசிகிறது. சக்கரத்துக்குள் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் தூசு ரப்பரை நுனியில் தூக்கிப் பாருங்கள், டயரின் உள்பக்கம் ஈரமா பாருங்கள். அளவு குறையாமல் இறங்கினால் மாஸ்டருக்குள் கப் ஆயிலைப் பின்னால் விடுகிறது. புதியது என்பதால் நல்லது என்று நினைக்காதீர்கள், கடையில் வருஷக்கணக்கில் கிடந்த ரப்பரும் "புதியது" என்றுதான் விற்கும். இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட், எங்காவது ஒரு குழாய் விட்டால் நாலும் போய்விடும். ஆகவே இந்த வகையில் ஓட்டிக்கொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

யாராவது அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலோ கியர் ஆயிலோ ஊற்றியிருந்தால், அல்லது சிலிண்டரை டீசலில் கழுவியிருந்தால், ரப்பர் எல்லாம் ஊதிக் கெட்டிருக்கும். தொட்டியிலிருந்து சில துளி எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கரைந்துவிடும், மற்ற ஆயில் மிதக்கும். மிதந்தால் கப், ஹோஸ், கிட் எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றுவதைத் தவிர வழியில்லை.

பெடலின் ஃப்ரீ பிளேயையும் பாருங்கள். மாஸ்டருக்குள் போகும் ராடு பிஸ்டனைத் தொடும் முன் பெடல் அரை இஞ்ச் சும்மா ஆட வேண்டும். மாஸ்டர் மாற்றியவர் ராடு நீளத்தைப் பார்க்காமல் விட்டிருந்தால் பெடலின் பாதித் தூரம் வீணாகப் போகும். நீளத்தைக் கூட்டி ஃப்ரீ பிளேயே இல்லாமல் செய்தால், ஆயில் திரும்புகிற துளை அடைபட்டுப் பிரேக் பிடித்தபடியே நின்று டிரம் கொதிக்கும்.

கொதிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலையில் ஓட்டுவதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன். எங்கள் போடி பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகள் போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவிலும் இறங்கும்போது, பிரேக்கை மட்டும் நம்பும் டிரைவருக்குப் பாதி வழியில் பெடல் கீழே போகும். சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவது ஒரு காரணம். இன்னொன்று ஆயில் கொதித்து ஆவியாவது. டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறினால் 140 வரை இறங்கும். டாட் 4க்கு 230, 155. தரைத்தகட்டுக்குக் கீழே மாஸ்டர் இருக்கிற வண்டி ஓடையில் இறங்கினால் மூடியின் காற்றுத் துளை வழியாகவே தண்ணீர் உள்ளே போகும். அதனால் மழைக்காலம் முடிந்ததும் பழைய ஆயிலை முழுவதும் எடுத்துவிட்டு டாட் 4 ஊற்றுவது என் வழக்கம். சிலிக்கான் வகையான டாட் 5ஐ மட்டும் இதோடு கலக்காதீர்கள். ஆறினதும் பெடல் திரும்பி வந்தால் அது இந்தக் கொதிப்பு, மேலே சொன்ன எதுவும் இல்லை. பெடல் உயரத்தில் கெட்டியாகவே நின்றும் வண்டி நிற்காமல் போனால் லைனர் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது, அல்லது டிரம்முக்குள் தண்ணீரோ கிரீஸோ போயிருக்கிறது.

உங்கள் வண்டிக்கு என் பந்தயம் ஷூ அட்ஜஸ்ட்மென்ட் மேல்தான், அதிலும் ஆங்கர் பின். நாலு சக்கரத்தையும் முடித்துவிட்டு அந்தப் பெடல் சோதனையை மறுபடி செய்து, கல்லா, பஞ்சா, இறங்குகிறதா என்று கீழே எழுதுங்கள். அதுவரை மலை ஏற வேண்டாம்.