காங்கிரசின் சின்னம் இரட்டைக் காளையிலிருந்து கைக்கு மாறியது எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், கட்சி இருமுறை உடைந்ததே காரணம். 1952 முதல் பொதுத்தேர்தலிலிருந்து காங்கிரசுக்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளையே சின்னமாக இருந்தது. 1969இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சியின் அதிகாரப்பூர்வ வேட்பாளரான நீலம் சஞ்சீவ ரெட்டி, இந்திரா காந்தியின் ஆதரவைப் பெற்ற வி. வி. கிரியிடம் தோற்றதும் பூசல் முற்றி, நவம்பரில் நிஜலிங்கப்பா தலைமையிலான அணி பிரதமரையே கட்சியிலிருந்து நீக்கியது.

காமராசர் இருந்த அந்த அணியும் இந்திரா அணியும் காளைச் சின்னத்துக்கு உரிமை கோரவே, வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. இதனால் 1971 தேர்தலில் காளை யாருக்கும் கிடைக்கவில்லை. இந்திரா அணி பசுவும் கன்றும் சின்னத்தில் நின்று 352 இடங்களில் வென்றது. ராட்டை நூற்கும் பெண் சின்னத்தில் நின்ற எதிரணிக்குக் கிடைத்தவை 16 மட்டுமே. சின்னம் போனால் கட்சி போய்விடும் என்ற கணக்கு அன்று பொய்த்தது என்றே கருதுகிறேன்.

சாதிக் அலி வழக்கு எனப்படும் இந்தச் சின்ன வழக்கில் அவ்வாண்டு நவம்பரில் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு, கட்சி அமைப்பிலும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் யாருக்குப் பெரும்பான்மை என்று பார்க்கும் அளவுகோலை ஏற்றுக்கொண்டது. பிற்காலச் சின்னச் சண்டைகளுக்கெல்லாம் அதுவே முன்னுதாரணம். 1978 சனவரியில் கட்சி மீண்டும் உடைந்தபோது பசுவும் கன்றும் கைநழுவ, இந்திரா கைச் சின்னத்தைப் பெற்றார்.