பதில்: 13 வயதுக்குப் புதுப் புத்தகம், தண்டையார்பேட்டைப் பக்கம்

மகளுக்கு 13 வயது, கிளை நூலகத்தில் பழைய படக்கதைதான் இருக்கிறது என்கிறீர்கள். அலமாரியை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள். புது வரவு, பதிவேட்டில் எண் ஏறி முத்திரை விழுந்த பிறகுதான் அடுக்குக்குப் போகும். நான் போகும் கிளையில் சணல் கயிறுகூட அவிழ்க்காத கட்டு ஒன்று மேசைக்கடியில் வாரக்கணக்கில் கிடந்தது. கேட்டதும் நூலகரே பிரித்துக் காட்டினார். பாவம், தனியாள் அவர்.

அப்புறம், ‘இளையோர் நாவல்’ என்றே கேளுங்கள். பெரும்பாலும் சிறுவர் அடுக்கிலேயே கலந்து கிடக்கும். உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கிடைத்தால் விடாதீர்கள். 2023இல் சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது வாங்கியது, கீழடிக்கே கூட்டிப்போகும்.

இல்லையென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம்தான். 1954ஆம் வருடச் சட்டப்படி, நாட்டில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதியைப் பதிப்பகங்கள் அங்கே அனுப்பியாக வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவளே தேடட்டும்.