அமெரிக்காவுல சின்ன ஊர் ஏஎம் ரேடியோல்லாம் ஏன் வெறும் நியூஸ், பேச்சுன்னே ஓடுது?

அரசியல்தான் காரணம்னு நிறைய பேர் சொல்வாங்க, அது பாதிதான் சரி. முதல்ல இந்த ஸ்டேஷன்கள் கையை விட்டுப் போனது பாட்டு.

இந்த ஸ்டேஷன்களோட ஜாதகமே அலைவரிசைலதான் இருக்கு. 1230, 1240, 1340, 1400, 1450, 1490 கிலோஹெர்ட்ஸ், இந்த ஆறு நம்பரும் உள்ளூர் ஸ்டேஷனுக்குன்னே ஒதுக்கினது, ஒவ்வொண்ணுலயும் நாடு முழுக்க நூத்துக்கு மேல ஸ்டேஷன் உக்காந்திருக்கு. ரொம்ப காலம் 250 வாட்தான் பவர், இப்பவும் 1000 வாட்டைத் தாண்டக்கூடாது. பகல்ல ஊருக்குள்ள சுத்தமா கேக்கும், பொழுது சாஞ்சா ஏஎம் அலை மேல போய் வானத்துல பட்டு ரொம்ப தூரம் திரும்பி வரும், அதனால எங்கெங்கயோ இருக்கற 1240 எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து ஒரே இரைச்சல். ரேடியோக்காரங்களே இதை சுடுகாட்டு சேனல்னுதான் சொல்வாங்க.

ஆனா பகல்ல ஊரே அதுலதான் இருந்துச்சு. காலைல யார் தவறிட்டாங்கன்னு வாசிப்பாங்க, பனி கொட்டினா எந்த ஸ்கூல் லீவு, மக்காச்சோளம் என்ன விலை, வெள்ளிக்கிழமை ராத்திரி ஹைஸ்கூல் ஃபுட்பால் கமெண்டரி. எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்வாப் ஷாப்தான், எங்கிட்ட பழைய டிராக்டர் இருக்கு, நாய்க்குட்டி இருக்கு, யாருக்கு வேணும்னு ஜனங்களே போன் போட்டு சொல்ற ப்ரோக்ராம் (கொஞ்சம் ஸ்டேஷன்ல இன்னும் ஓடுது). பேச்சு ரேடியோன்னா நான் இதைத்தான் சொல்வேன்.

70கள் முடியறதுக்குள்ள பாட்டு கேக்கறவங்க எல்லாம் எஃப்எம் பக்கம் போயிட்டாங்க, ஸ்டீரியோல கேட்டுப் பழகின காதுக்கு ஏஎம் எப்படிப் பிடிக்கும்? சரி, பேச்சுக்கு ஸ்டீரியோ எதுக்குன்னு இவங்க அந்தப் பக்கம் திரும்பினாங்க. சர்ச்சையான விஷயத்துல எதிர்த் தரப்புக்கும் இடம் கொடுக்கணும்னு 1949ல இருந்து இருந்த விதியை எஃப்சிசி (ரேடியோ, டிவிக்கு லைசென்ஸ் கொடுக்கற அரசு அமைப்பு) 1987ல எடுத்துடுச்சு, அடுத்த வருஷமே ரஷ் லிம்பாங்கற வலதுசாரிப் பேச்சாளர் நாடு முழுக்க தன் அரசியல் பேச்சு ப்ரோக்ராமை ஆரம்பிச்சார். அந்த ப்ரோக்ராம் சேட்டிலைட்ல வரும், ஆரம்பத்துல காசு கூட வேணாம், விளம்பர நேரத்துல பங்கு கொடுத்தாப் போதும். உள்ளூர்ல ஒரு ஆளுக்கு சம்பளம் கொடுத்து மைக் முன்னாடி உக்கார வைக்கறதை விட இது லாபம்தானே, முதலாளியைக் குத்தம் சொல்லி என்ன பண்றது.

1996ல புது தொலைத்தொடர்புச் சட்டம் வந்து ஒரே கம்பெனி நாடு முழுக்க எத்தனை ஸ்டேஷன் வேணா வாங்கலாம்னு ஆச்சு. 2002ல நார்த் டகோட்டா மாநிலத்து மைனாட் ஊர்ல ரயில் தடம் புரண்டு அம்மோனியா கசிஞ்சப்போ அந்த ஊர் கமர்ஷியல் ஸ்டேஷன் ஆறும் ஒரே கம்பெனி கைல, போலீஸ் கூப்பிட்டும் ஆள் கிடைக்கலன்னு பெரிய புகார். எச்சரிக்கை மெஷினைப் போலீஸ்தான் சரியா செட் பண்ணலன்னு கம்பெனி தரப்பு சொல்லுச்சு. என்னைக் கேட்டா அந்த நேரத்துல ஸ்டுடியோல ஒரு ஆள் உக்காந்திருந்தா மெஷின் பேச்சே வந்திருக்காது.

இப்போ பல ஏஎம் ஸ்டேஷன் சின்னதா ஒரு எஃப்எம் ரிலே வாங்கி ஓட்டுது, அதுவும் 250 வாட்தான். பேர் சொல்றப்போ எஃப்எம் நம்பரைத்தான் பெருமையா முதல்ல சொல்றாங்க, 1240ங்கறது கடைசில அவசர அவசரமா வரும்.