தாயமும் பல்லாங்குழியும் குடும்பங்களில் இன்னும் நிலைத்திருப்பது ஏன்?

கைப்பேசியில் எத்தனையோ விளையாட்டுகள் கிடைக்கும் காலத்தில் தாயம், பல்லாங்குழி, கேரம் போன்றவற்றைக் குடும்பங்கள் விடாமல் ஆடுவது வெறும் பழைய நினைவுகளுக்காகத்தானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நினைவும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றால், பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்து, ஊர்த் திண்ணையைக் கண்ணாலும் பார்த்திராத எங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை மதியம் தாயக்கட்டையைத் தாங்களாகவே எடுத்து வர மாட்டார்கள். பாட்டியும் பேத்தியும், ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல், உண்மையாகவே மோதிக்கொள்ள இந்த ஆட்டங்களின் அமைப்பு இடம் தருகிறது என்பதே என் கணிப்பு.

தாயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பித்தளைக் கட்டைகள். ஒவ்வொன்றின் நான்கு பக்கங்களிலும் முறையே வெறுமை, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டையும் சேர்த்து உருட்டினால் 16 வகைகளில் விழலாம். அவற்றுள் இரண்டு மட்டுமே தாயம், அதாவது கூட்டினால் ஒன்று வருவது, என்பதால், காயை இறக்கவே சராசரியாக எட்டு முறை உருட்ட வேண்டியிருக்கிறது. இந்தக் கட்டத்தில் அனுபவத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. எத்தனை வருடம் ஆடியவராக இருந்தாலும் எட்டு வயதுச் சிறுமிக்கு முன்னால் வெறுங்கையோடு காத்திருக்க வேண்டியதுதான். காய் இறங்கிய பிறகுதான் புத்திக்கு வேலை வருகிறது. எந்தக் காயை நகர்த்துவது, மலையில், அதாவது வெட்டுப்படாத கட்டத்தில், பத்திரமாக ஒதுங்குவதா அல்லது எதிராளியின் காயை வெட்டத் துணிவதா என்பதெல்லாம் ஆடுபவரின் முடிவு. எங்கள் வீட்டு விதிப்படி, ஒரு காயையாவது வெட்டாதவர் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது. ஆகவே எல்லோருக்கும் முன்னால் ஓடியவர்கூட வாசலில் நின்றுகொண்டு, பின்னால் வருபவரின் காய் கைக்கு எட்டும் தூரத்தில் சிக்காதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். என் மாமியார் அந்த நிலையில் கட்டைகளை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நெடுநேரம் தேய்ப்பார். "போடுங்க பாட்டி, தேஞ்சிடப் போகுது" என்று பேத்தி கத்தும்வரை உருட்ட மாட்டார்.

இதற்கு எதிர்முனையில் இருப்பது பரமபதம். முழுக்க முழுக்க அதிர்ஷ்டம் என்பதால், வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் போதுமே தவிர, மற்ற நாட்களில் பெரியவர்களை அதிக நேரம் பிடித்து வைக்காது. சதுரங்கமோ முழுக்கத் திறமை. அருமையான விளையாட்டு என்பதில் சந்தேகமில்லை; ஆனால் தேர்ந்தவரும் கற்றுக்கொள்பவரும் ஆடும்போது ஒன்று இளையவர் அழுவார், இல்லையென்றால் மூத்தவர் நடிப்பார். கேரமும் கைத்திறன் சார்ந்ததுதான். அதிலேயே அர்ஜுனா விருது வாங்கிய சென்னைக்காரர் மரிய இருதயம் போன்றோரின் விரலுக்கு முன்னால் அதிர்ஷ்டம் எம்மாத்திரம்? இருந்தும் வீடுகளில் அது நிலைத்ததற்குக் காரணம் ஜோடி ஆட்டம் என்று நினைக்கிறேன். நன்றாக ஆடுபவரோடு சின்னவரைச் சேர்த்துவிட்டால் இரு பக்கமும் ஈடாகிவிடும். சிவப்பைப் போட்டுவிட்டு, அதைத் தொடர்ந்து போட வேண்டிய காயை (ஃபாலோ) போட முடியாமல் தவிக்கும் குழந்தைக்குக் கூட்டாளியின் யோசனையும் கிடைக்கும்.

பெங்களூரில் வசிப்பதால் இன்னொன்றையும் கவனிக்க முடிகிறது. எங்கள் குடியிருப்பில் உள்ள கன்னடக் குடும்பங்கள் நான்கு சோழிகளை வைத்துக்கொண்டு, ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் சௌக்காபாரா ஆடுகிறார்கள். நான்கும் நிமிர்ந்து விழுந்தால் நான்கு, நான்கும் கவிழ்ந்தால் எட்டு. காயை வெட்டுவது, பத்திரக் கட்டத்தில் ஒதுங்குவது, வெட்டாமல் உள்ளே போகக் கூடாது என்பது எல்லாம் நம் தாயத்தின் நெருங்கிய சொந்தம். அதனால் புதிதாக உட்காருபவருக்கு விளக்கம் இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும். பிறகு ஆட்டத்தின் நடுவில் "எங்க வீட்டில் இப்படி இல்லை" என்று தொடங்கும் வாக்குவாதம்தான் நீளும். அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதி என்றே சொல்வேன். பச்சீசி என்ற பழைய இந்திய ஆட்டத்திலிருந்து பிறந்து 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் உருமாறிய லூடோவைக் கைப்பேசியில் ஆடும்போது விதியைச் செயலியே முடிவுசெய்துவிடுகிறது. சண்டை போட ஆளில்லை, சமாதானம் ஆகவும் ஆளில்லை.

ஆட்டத்தின் வேகத்தையும் குறிப்பிட வேண்டும். நான்கு பேர் ஆடும்போது தன் முறை வரும்வரை மற்றவருக்குச் செய்ய ஒன்றுமில்லை. கண் கட்டத்தின் மேல் இருக்க, வாய் வேறெங்கோ போகும். நேரில் கேட்டால் "ஒண்ணுமில்லை" என்று முடித்துக்கொள்ளும் கல்லூரிப் பிள்ளைகள், இந்த இடைவெளியில்தான் தாமாகவே ஏதாவது சொல்கிறார்கள்.

புதிதாகத் தொடங்க நினைப்பவர்கள் ஐந்தாறு வயதுக் குழந்தைக்குப் பல்லாங்குழியைத் தேர்ந்தெடுக்கலாம். 14 குழிகளிலும் காய்களைப் பிரித்துப் போடுவதிலேயே எண்ணிக்கை பழகிவிடும். தாயத்துக்குச் செலவே தேவையில்லை. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சிமெண்டில் தேய்த்துக் கட்டைக்குப் பதிலாக உருட்டலாம். வெட்டாமல் உள்ளே போகலாமா கூடாதா என்பதை மட்டும் முதல் காய் இறங்கும் முன்பே பேசி முடிவுசெய்துகொள்ளுங்கள்.