பீரியட்ஸ் குறைந்தால் ரத்தம் உள்ளே தேங்குகிறதா?

கேள்வி: எனக்கு வயது 29. ஏழு மாதங்களாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். ஐந்து நாள் இருந்த பீரியட்ஸ் இப்போது ஒன்றரை நாளில், பழுப்பு நிறத்தில் சொட்டுச் சொட்டாக முடிந்துவிடுகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சவ்வு 4 மில்லிமீட்டர்தான் என்கிறார்கள். கெட்ட ரத்தம் தேங்குவதாகவும் பின்னாளில் குழந்தை தங்காது என்றும் சொல்லி, தெரிந்தவர் ஒருவர் பவுடர் தருகிறார். மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?

பதில்: தேங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லைம்மா. வழக்கமான மாதத்தில் ஈஸ்ட்ரோஜன் அந்தச் சவ்வைத் தடிமனாக்கும். முட்டை வெளிவந்த பிறகு புரொஜெஸ்டிரான் அதைப் பக்குவப்படுத்தும். கரு தங்கவில்லை என்றால் இரண்டும் இறங்கிவிடும், சவ்வு உதிரும். உங்கள் மாத்திரையிலோ புரொஜெஸ்டிரான் போலவே வேலை செய்யும் செயற்கை ஹார்மோனான புரொஜெஸ்டின் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. முட்டையும் வெளிவராது, சவ்வும் வளராது. விளையாத வயலில் அறுக்க என்ன இருக்கும்? மாத்திரை சாப்பிடாத இடைவெளி நாட்களில் நீங்கள் பார்ப்பது உண்மையான மாதவிடாயே இல்லை. 21 நாள் கொடுத்த ஹார்மோனை நிறுத்துவதால் வரும் கசிவு அது. கொஞ்சமாக, மெதுவாக வெளியேறுவதால் பழுப்பாகத் தெரிகிறது.

இதை மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றே இரண்டு நிமிடம் சொல்லியிருந்தால் இந்தப் பயமே வந்திருக்காது. ஸ்கேன் எடுத்தவரும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டிருக்க மாட்டார். 'சவ்வு மெலிவு' என்று கொட்டை எழுத்தில் அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். அந்தத் தாளைப் பார்த்ததும் ஒருவர் ஹார்மோன் டெஸ்ட் எழுதுவார். மாத்திரை சாப்பிடும்போது, முட்டையை வளர்த்து வெளியேற்றும் ஹார்மோன்களான எஃப்எஸ்எச், எல்எச் அளவுகள் குறைவாகத்தான் வரும், அதற்கும் ஒரு வைத்தியம் தொடங்கும். இன்னொருவர் கர்ப்பப்பையைச் 'சுத்தம்' செய்யக் கிளம்புவார். கர்ப்பப்பை சாக்கடை அல்ல. பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத பவுடரைத் தொடாதீர்கள்.

மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு மாதங்களில் பழைய சுழற்சி திரும்பிவிடும். இப்போது குழந்தை வேண்டாம் என்றால் நிறுத்த அவசியமில்லை.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியவை கல்லீரலைத் தூண்டி, கருத்தடை ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும். அட்டையின் நடுவில் திடீரென்று ரத்தம் தெரியலாம், தெரியாமலும் போகலாம், ஆனால் பாதுகாப்பு போய்விடும். ரிஃபாம்பிசினை நிறுத்திய பிறகும் 28 நாள் இந்தப் பாதிப்பு தொடரும். வேளை தவறாமல் சாப்பிட்டும் கர்ப்பமாகி, 'எப்படி டாக்டர்?' என்று வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சாதாரண ஆன்டிபயாடிக் எல்லாம் இப்படிச் செய்யாது, அதற்காகப் பயந்து மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

நடுவில் மாத்திரையை மறந்து, இடைவெளியில் கசிவும் வராமல் போனால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. உறவுக்குப் பின் ரத்தம் வந்தால் நேரில் காட்டுங்கள்.

அடுத்த முறை ஸ்கேனுக்குப் போகும்போது மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.