வெண்டிக்கன்று வாடினால் வாடட்டும்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். மூன்றாம் தரம் படிக்கும் மகன் தோட்டம் செய்யப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். வளவு முழுக்க மணல். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புகள் தொடங்கப்போகிற நேரத்தில் இது தேவையா என்கிறார் கணவர். அவன் விட்டாலும் மாமி தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிவிடுவார். உண்மையில் பிள்ளை இதில் என்னதான் படிப்பான்?

பதில்: "பொறுமை வரும், இயற்கையை நேசிப்பான்" என்று சொல்லித் தப்பிக்கலாம். அதைவிட உங்கள் மணலிலிருந்தே தொடங்குகிறேன்.

இரண்டு பழைய பால்மா டின்களின் அடியில் ஆணியால் துளை போடுங்கள். ஒன்றில் வளவு மணல், மற்றதில் பாதி மணலும் பாதி உக்கிய கூட்டெருவும். இரண்டும் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றி, கீழே வடிவதை மகனே அளக்கட்டும். மணல் டின்னில்தான் கூடுதலாக வடியும். ஊற்றியதில் வடிந்ததைக் கழித்தால் மண் பிடித்துவைத்தது எவ்வளவு என்று தெரியும். மணலின் துணிக்கைகள் பெரிது, இடைவெளியும் பெரிது. அதனால்தான் தண்ணீர் நிற்பதில்லை. இதைக் கண்ணால் கண்டபின் எரு எதற்கு என்று அவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

வெண்டி வையுங்கள். விதையை இரவு ஊறவைத்து நட்டால் ஒரு வாரத்துக்குள் முளைக்கும், 50 நாள் அளவில் காய்க்கும். சின்னப் பிள்ளை காத்திருக்கக்கூடிய காலம்தான். இரண்டு நாளுக்கொருமுறை அடிமட்டத்தால் உயரத்தை அளந்து சதுரக்கோட்டுக் கொப்பியில் குறிக்கட்டும். காய் பிடித்தபின் சில நாள் பறிக்காமல் விட்டால் முற்றி நாராகிவிடும். அதையும் ஒருமுறை கடித்துப் பார்க்கட்டும்.

இடம் இருந்தால் ஒரு பூசணியும். என் மகள் சிறுமியாக இருந்தபோது "இத்தனை பூ பூக்குது, ஒரு காயும் இல்லை" என்று அழுதாள். எல்லாம் ஆண்பூ. பெண்பூவின் அடியில் குட்டிப் பூசணி போல ஒரு உருண்டை இருக்கும். காலையில் பூ விரிந்திருக்கும்போதே ஆண்பூவைப் பறித்து இதழை உரித்து, பெண்பூவின் நடுவில் தடவவேண்டும். மதியத்துக்குள் பூ சுருங்கிவிடும். மகரந்தச் சேர்க்கை என்ற சொல்லை அவள் பாடப்புத்தகத்தில் படித்தது அதற்குப் பல வருடம் கழித்துத்தான்.

உங்கள் கணவருக்கு ஒன்று. இதனால் புலமைப்பரிசிலில் புள்ளி கூடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாளைக்கு இருபது நிமிடம்தான் போகும். அது டியூஷனைக் கெடுக்காது, ஃபோன் பார்க்கும் நேரத்தைத்தான் குறைக்கும்.

வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மணலில் விதை போட்டால் வீண். புரட்டாதியில் எரு கலந்து வைத்துவிட்டு, ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் நடுங்கள். அடைமழை எருச்சத்தைக் கழுவிக்கொண்டு போகும். இடையிடையே கொஞ்சம் போடவேண்டும். ஆடு நுழையாமல் பழைய வலைத்துண்டால் அடைக்கலாம். (திருகோணமலை டவுனுக்குள் என்றால் தெருவில் திரியும் புள்ளிமானுக்கும் சேர்த்து வேலி போடவேண்டி வந்திருக்கும்!) மழை தொடங்கினால் டெங்குக் காலம். சிரட்டை, சாடித்தட்டு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை கவிழ்ப்பது அவன் வேலையாக இருக்கட்டும். நுளம்புக் குடம்பி கிடந்தால் கொட்டுமுன் உங்களைக் கூப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இனி மாமி விஷயம். ஒரு கன்றாவது சாகும். இரவோடிரவாக வேறு கன்று வைத்துவிடாதீர்கள். பிடுங்கி வேரைப் பார்க்கட்டும்: காய்ந்ததா, அழுகியதா, எறும்பு அரித்ததா? கொப்பியில் எழுதிவிட்டு, அவனே புது விதை நடட்டும். அவன் தண்ணீர் விட மறந்த நாளில் மாமி இரகசியமாக ஊற்றினால் அந்தக் கொப்பிக் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். மாமிக்கு ஆசையென்றால் பக்கத்தில் தனியாக ஒரு பாத்தி கொடுத்துவிடுங்கள்.