எல்லாம் நார்மல்

அன்புள்ள ஐயா,

கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். சமீபத்தில்தான் பதவி உயர்வு. எனக்குக் கீழே 15 பேர், பாதிக்கு மேல் காண்ட்ராக்ட். நல்ல ஆட்கள்தான். ஆனால் மீட்டிங்கில் யாரும் வாயைத் திறப்பதில்லை. பிரச்சினை முற்றிய பிறகுதான் என் காதுக்கு வருகிறது. ஒற்றுமை வளர பிச்சாவரத்துக்கு டூர் கூட்டிப் போகலாமா? வேறு என்ன செய்யலாம்?

எஸ்., கடலூர் முதுநகர்

அன்புள்ள எஸ்.,

டூர் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் ஷிப்ட் லாக்புக்கை எடுத்து ஒரு மாதப் பக்கங்களைப் புரட்டுங்கள். வரிக்கு வரி ‘எல்லாம் நார்மல்’ என்றிருந்தால் அதுதான் கவலை. உப்புக்காற்றில் நட்டு போல்ட்டே துருப்பிடிக்கிற ஊரில், மாதம் முழுக்க எதுவும் கசியவில்லை, அடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? எங்காவது ஒரு பக்கத்தில் ‘இரண்டாம் பம்ப்பில் சீல் கசிகிறது’ என்று ஒருவர் எழுதியிருந்தால், அதன்பின் அவருக்கு என்ன நடந்தது என்று விசாரியுங்கள். ‘உன் ஷிப்ட்ல மட்டும் எப்படிய்யா கசியுது?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள அது ஒன்று போதாதா?

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கு தலைகீழாக வந்தது. துருவிப் பார்த்தால், அந்த வார்டுகளில் நர்ஸுகள் பயமில்லாமல் தவறை வெளியே சொல்லியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் மறைத்திருக்கிறார்கள்.

‘தைரியமா பேசுங்கப்பா’ என்று மீட்டிங்கில் சொல்லிப் பயனில்லை. கெட்ட செய்தியோடு வருகிற முதல் ஆளிடம் உங்கள் முகம் போகிற போக்கைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். ‘எப்போ பார்த்தீங்க, இப்போ எப்படி இருக்கு’ என்று கேளுங்கள். ‘யார் பண்ணது?’ கடைசியில் வரட்டும். வேண்டுமென்றே விதியை மீறுகிறவரைக் கண்டிக்கத்தான் வேண்டும், அது வேறு கதை. சரிசெய்ததும், சொன்னவரிடமே போய் ‘அந்த சீலை மாத்தியாச்சு’ என்று தெரிவியுங்கள். நிறைய இன்சார்ஜுகள் கோட்டை விடுவது இங்கேதான்.

காண்ட்ராக்ட் ஆட்கள் விஷயம் இன்னும் சிக்கல். கேட் பாஸ் போய்விடுமோ என்று பயப்படுகிறவர் உங்கள் சிரித்த முகத்தை மட்டும் நம்பிப் பேச மாட்டார். குறையைச் சொன்னதற்காக யாரையும் நிறுத்தக்கூடாது என்று காண்ட்ராக்டரிடம் நீங்களே பேசி வையுங்கள்.

டூர்? பிச்சாவரம் நல்ல இடம்தான், போய் வாருங்கள். ஆனால் காண்ட்ராக்ட் ஆட்களை விட்டுவிட்டுப் போவதாக இருந்தால் வேண்டாம்.